மூவாயிரம் மணி நேரம் ஓடிய என்ஜினை நம்பலாமா?

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே சண்டை. எங்கள் தெருவில் ஒரு அண்ணா இருக்கிறார். கடற்படையில் விமான என்ஜின் பிரிவில் வேலை பார்த்து, அரக்கோணம் ராஜாளி தளத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு திருத்தணியிலேயே வீடு கட்டிக்கொண்டவர். நான் சாஃப்ட்வேர்காரன். என்ஜினைக் கையால் தொட்டதில்லை, ஆனால் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பவன். மலையடிவாரத்து டீக்கடையில் இப்படி இரண்டு பேர் உட்கார்ந்தால் சண்டை வராமல் எப்படி?

சண்டை காவேரி என்ஜினைப் பற்றி. ஒரு புது விமான என்ஜின், இன்னும் சோதனை நிலையில் இருக்கிறது. கையில் கொஞ்சம் டேட்டா. அதை வைத்துக்கொண்டு "இது பழுதாக இத்தனை சதவீதம் வாய்ப்பு" என்று புள்ளியியல் கணக்குப் போடுவதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா? உண்டு என்றேன் நான். "உன் கணக்கு மேல ஏறி உக்காந்து பறப்பியா தம்பி?" என்றார் அவர். அங்கே ஆரம்பித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

காவேரியின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். தேஜஸ் போர்விமானத்துக்கென்று பெங்களூரில் டி.ஆர்.டி.ஓ.வின் ஜி.டி.ஆர்.இ. உருவாக்க ஆரம்பித்த என்ஜின். 1989இல் ஒப்புதல், ஆரம்ப மதிப்பீடு 382.81 கோடி ரூபாய். செலவு பல மடங்கு ஏறியது, எடை கூடியது, எதிர்பார்த்த உந்துவிசை வரவில்லை. 2001இல் தேஜஸ் முதன்முதலில் பறந்தபோதே உள்ளே இருந்தது அமெரிக்க ஜி.இ. எஃப்404 தான். 2008இல் இரண்டு திட்டங்களையும் பிரித்துவிட்டார்கள். அது ஏன் அப்படி ஆனது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே வேண்டாம். எனக்கு இங்கே வேண்டியது அரசு அதிகாரபூர்வமாகச் சொன்ன மூன்று எண்கள்: 9 முழு என்ஜின் மாதிரிகள், 4 மைய என்ஜின்கள் (கம்ப்ரஸர், எரிப்பறை, டர்பைன் மட்டும் கொண்ட உள்பகுதி), மொத்தம் 3,217 மணி நேரச் சோதனை ஓட்டம்.

3,217 மணி நேரம். கேட்டவுடன் பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. எவ்வளவு பெரியது என்று பார்க்க நம்ம ஊர் மலைப்படிக்கு வாங்க.

திருத்தணி கோயிலுக்கு 365 படி, வருஷத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு படி என்பார்கள். ஒருத்தர் ஒரு வருஷம் தினமும் படியேறிப் போய்விட்டு வருகிறார். 365 நாளில் ஒரு நாள்கூட வழுக்கி விழவில்லை. அவர் விழும் வாய்ப்பு பூஜ்யமா? இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் எவ்வளவு?

உண்மையான வாய்ப்பு நாளைக்கு 365இல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு வருஷம் முழுக்க விழாமல் தப்பிக்க 37 சதவீதம் வாய்ப்பு உண்டு. ஆக "ஒரு வருஷம் விழவில்லை" என்ற தகவல் அந்த எண்ணைப் பொய்யாக்கவில்லை. நூற்றில் ஒன்று என்றால்? தப்பிக்க இரண்டரை சதவீதம்தான், அதனால் அதை ஓரளவு ஒதுக்கிவிடலாம். 122இல் ஒன்று என்றால் சரியாக 5 சதவீதம். புள்ளியியல்காரர்கள் வழக்கமாகக் கோடு போடும் இடம் இது. 365ஐ 3ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 122 வருவதைக் கவனித்தீர்களா? இதற்கு மூன்றின் விதி என்றே பெயர். எத்தனை தடவை பழுதில்லாமல் நடந்ததோ, அதை மூன்றால் வகுங்கள். "இதைவிட மோசமாக இருக்காது" என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய எல்லை அதுதான். அதைவிட நல்லதாக இருக்கலாம், ஆனால் டேட்டா அதைச் சொல்லவில்லை.

காவேரிக்கு வருவோம். 3,217 மணி நேரத்தில் ஒரு பழுதுகூட வரவில்லை என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். (வராமல் இருந்திருக்காது, உடையாமல் எந்த என்ஜினும் வளர்ந்ததில்லை.) மூன்றால் வகுத்தால் 1,072. அதாவது "1,072 மணி நேரத்துக்கு ஒரு பழுதைவிட மோசமில்லை" என்றுதான் சொல்ல முடியும். ஒரு ஸ்குவாட்ரனில் 16 விமானம், ஒவ்வொன்றும் வருஷத்துக்கு 200 மணி நேரம் பறக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 3,200 மணி நேரம். பல வருஷம் சோதித்துச் சேர்த்த அத்தனை மணி நேரத்தையும் ஒரே ஸ்குவாட்ரன் ஒரே வருஷத்தில் ஓட்டிவிடும். நாம் போட்ட எல்லைப்படி பார்த்தால் அந்த வருஷத்தில் மூன்று தடவை என்ஜின் நிற்கலாம். தேஜஸுக்கோ ஒரே என்ஜின்.

பயணிகள் விமானத்தில் இந்தக் கணக்கு இன்னும் பயங்கரம். இரண்டு என்ஜின் விமானம் கடல்மேல், பக்கத்து விமான நிலையத்திலிருந்து 180 நிமிட தூரம் வரை போகலாம் என்று அனுமதி வாங்க, பறக்கும்போது என்ஜின் நின்றுபோகும் விகிதம் 1,000 மணி நேரத்துக்கு 0.02க்குள் இருக்க வேண்டும். அதாவது 50,000 மணி நேரத்துக்கு ஒன்று. சோதனைக் கூடத்தில் மட்டுமே இதை நிரூபிக்க வேண்டுமென்றால் 1,50,000 மணி நேரம் பழுதில்லாமல் ஓட்ட வேண்டும். ஒரே என்ஜினை ராப்பகலாக ஓட்டினால் 17 வருஷம்.

இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அண்ணா சிரித்தார். "அப்ப எந்தப் புது என்ஜினும் பறக்கவே கூடாது. உன் கணக்குப்படி ரைட் பிரதர்ஸ் இன்னும் சைக்கிள் கடையிலதான் இருக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என்ஜினுக்குச் சான்றிதழ் தருகிற முறையே மணி நேரத்தை எண்ணி நம்புவது கிடையாது. அமெரிக்க விதிகளின்படி சகிப்புச் சோதனை வெறும் 150 மணி நேரம்தான். ஆனால் அந்த 150ல் கணிசமான பகுதி, வெப்பத்தையும் சுழற்சி வேகத்தையும் அனுமதித்த உச்சத்தில் வைத்து ஓட்டுவது. பிறகு பிரித்துப் போட்டு ஒவ்வொரு உறுப்பாகப் பார்ப்பார்கள். இன்னொரு சோதனையில் முழு வேகத்தில் சுற்றும் விசிறியின் ஒரு பிளேடை வேண்டுமென்றே வெடிவைத்துப் பிய்த்துவிட்டு, துண்டுகள் உறைக்கு வெளியே வராமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஓடும் என்ஜினுக்குள் பறவையை எறிந்தும் பார்ப்பார்கள். இதெல்லாம் பழுது எத்தனை தடவை வரும் என்று எண்ணுகிற வேலை கிடையாது. எந்த வழியில் வரும் என்று யோசித்து, அந்த வழியை ஒவ்வொன்றாக அடைக்கிற வேலை. மெக்கானிக்கின் மூளை.

இங்கே நான் ஒரு கட்சி மாறினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். காரணம் என் சொந்த அனுபவம். பல வருஷம் முன்பு வேலை பார்த்த இடத்தில், பணப் பரிமாற்றத்துக்கான ஒரு சர்வர் புரோகிராமுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். "மூன்று மாதம், லட்சக்கணக்கான பரிமாற்றம், பூஜ்யம் பிழை" என்று ஸ்லைடு போட்டு, மூன்றின் விதியைக்கூட எழுதிக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி மொத்தமும் நின்றுபோனது. பாதுகாப்புச் சான்று ஒன்றின் காலக்கெடு முடிந்திருந்தது, அவ்வளவுதான். என் மூன்று மாத டேட்டாவில் அந்தப் பழுது இருக்கவே முடியாது, ஏனென்றால் அந்தத் தேதி இன்னும் வரவில்லை. லட்சம் பரிமாற்றமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தேய்ந்து பழுதாகும் உறுப்புக்கும் இதே கதைதான். மூன்றின் விதி ஒரு அனுமானத்தை மறைத்து வைத்திருக்கிறது: பழுது எந்த மணி நேரத்திலும் ஒரே வாய்ப்போடு வரும் என்பது. டர்பைன் பிளேடு அப்படி இல்லை. சூட்டிலும் இழுவிசையிலும் மெல்ல மெல்ல நீண்டு, விரிசல் விட்டு, ஒரு நாள் போகும். இதைக் கணக்குக்குள் கொண்டுவரத்தான் வலோடி வெய்புல் என்ற ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர் இருக்கிறார். 1951இல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவருடைய சூத்திரத்தில் பீட்டா என்று ஒரு எண். அது 1க்குக் கீழே இருந்தால் பழுது புதுசில் அதிகம், போகப்போகக் குறையும் (சரியாக முடுக்காத நட்டு, தப்பான வெல்டிங்). 1 என்றால் எப்போது வேண்டுமானாலும். 1க்கு மேலே என்றால் தேய்மானம், வயசாக ஆக மோசம்.

பீட்டா 3 என்று வைத்துக் காவேரி எண்களைத் திரும்பப் போட்டேன். 3,217ஐ 13 என்ஜினுக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 250 மணி நேரத்துக்கும் கீழே. 1,000 மணி நேரத்தில் வரக்கூடிய தேய்மானப் பழுதைப் பற்றி இது என்ன சொல்லும்? வெய்புல் கணக்கில் ஓட்ட நேரத்தின் மூன்றாம் அடுக்கைக் கூட்ட வேண்டும். கூட்டினால், இந்த 13 என்ஜினும் சேர்ந்து, 1,000 மணி நேரம் ஓடிய ஒரே ஒரு என்ஜினில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறுகிறது. மூவாயிரம் மணி நேரம் அரை என்ஜின்கூட இல்லை!

அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு என்ஜினை ஆயுளின் இரண்டு மடங்கு ஓட்டினால், அது ஆயுள்வரை மட்டும் ஓட்டிய 8 என்ஜினுக்குச் சமம். ஆக, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எதைச் செய்வது என்ற கேள்விக்குப் புள்ளியியல் தெளிவாகப் பதில் சொல்கிறது: நிறைய என்ஜினைக் கொஞ்ச கொஞ்ச நேரம் ஓட்டாதே, ஒன்றிரண்டை எடுத்து வதைத்துப் பார்.

"பீட்டா 3னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் அண்ணா. நல்ல கேள்வி. என் பதில்: நீங்கதான் சொல்லணும். பிராட் அண்ட் விட்னியில் இருந்த ராபர்ட் அபர்நெதி என்பவர் வெய்பேஸ் என்று ஒரு முறையைப் பரப்பினார். கையில் மூன்று, நாலு என்ஜின் டேட்டாதான் இருக்கிறதென்றால், பீட்டாவை அதிலிருந்து கண்டுபிடிக்கப் பார்க்காதே. இதே மாதிரி பேரிங், இதே மாதிரி பிளேடு இதற்கு முன்னால் எப்படிப் பழுதானது என்ற அனுபவத்திலிருந்து எடு என்பது அதன் சாரம். அண்ணா மாதிரி ஆட்களின் முப்பது வருஷம் அந்த ஒரு எண்ணுக்குள் போய் உட்காருகிறது. அவருக்கு இது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். இன்னொரு டீ சொன்னார்.

ஓடும் என்ஜின்களில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை நம்ம நாட்டிலேயே பார்த்தோம். சென்னையிலிருந்து இண்டிகோவில் போனவர்களுக்கு ஏ320 நியோ தெரிந்திருக்கும். அதில் பலவற்றில் இருந்தது பிராட் அண்ட் விட்னியின் புது என்ஜின், பி.டபிள்யூ.1100ஜி. சோதனையெல்லாம் முடித்து, சான்றிதழ் வாங்கி வந்ததுதான். 2018 மார்ச்சில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 11 விமானங்களைத் தரையிறக்கியது. எல்லாவற்றிலும் இருந்தது 450க்கு மேற்பட்ட வரிசை எண் கொண்ட என்ஜின். அந்த எண்ணிலிருந்து கம்ப்ரஸர் பகுதியில் ஒரு சீலை மாற்றியிருந்தார்கள், மாற்றம்தான் தொல்லை. பழைய என்ஜின்கள் ஓடிய லட்சக்கணக்கான மணி நேரம் புது சீலுக்குச் சாட்சி சொல்லாது.

அடுத்த வருஷம் வேறு பழுது. டர்பைனின் மூன்றாம் அடுக்கு பிளேடு. 2019 அக்டோபரில் அடுத்தடுத்து பறக்கும்போதே என்ஜின்கள் நின்றன. இயக்குநரகம் முதலில், 2,900 மணி நேரத்துக்கு மேல் ஓடிய என்ஜின்களை மாற்றச் சொன்னது. பிறகு நவம்பர் 1 அன்று இண்டிகோவின் 97 விமானங்களிலும் மாற்றச் சொன்னது. வரிசை எண்ணிலோ ஓடிய நேரத்திலோ ஒரு கோடு போட்டு, "இந்தப் பக்கம் இருப்பது பறக்கலாம், அந்தப் பக்கம் இருப்பது நிற்கட்டும்" என்று சொல்வது வெறும் எஞ்சினியரிங் உள்ளுணர்வால் முடிகிற காரியம் இல்லை. எண்ணித்தான் ஆக வேண்டும்.

எண்ணுவது ஏமாற்றும் இடமும் உண்டு. அண்ணாவிடம் நான் கொண்டுபோன கதைகளில் அவர் ரசித்தது இதைத்தான். 1983 மே 5. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 855ஆம் எண் விமானம், மியாமியிலிருந்து நசாவுக்கு. மூன்று என்ஜின் கொண்ட லாக்ஹீட் எல்-1011, உள்ளே 172 பேர். நடு என்ஜினில் ஆயில் பிரஷர் இறங்குகிறது, அணைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்து மற்ற இரண்டிலும் ஆயில் பிரஷர் பூஜ்யம் காட்டுகிறது. மூன்றிலும் ஒரே நேரத்தில் ஆயில் போக வாய்ப்பே இல்லை, மீட்டர்தான் தப்பு என்று விமானிகள் நினைத்தார்கள். தனித்தனி வாய்ப்புகளைப் பெருக்கினால் நாமும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் முந்தைய ராத்திரி பராமரிப்பில், மூன்று என்ஜினிலும் உலோகத் துகள் கண்டுபிடிக்கும் கருவியை ரப்பர் வளையம் இல்லாமலே பொருத்தியிருந்தார்கள். மூன்றிலும் ஆயில் ஒழுகியது. கடைசியில், அணைத்து வைத்திருந்த நடு என்ஜினையே மறுபடி கிளப்பி, அது ஒன்றை வைத்துக்கொண்டு மியாமியில் இறக்கினார்கள். எல்லாரும் பிழைத்தார்கள்.

"மூணுக்கும் ஒரே ஷிஃப்டு," என்றார் அண்ணா, வேறெதுவும் சொல்லாமல். அவர் வேலை பார்த்தது டி.யூ-142இல். நாலு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர். 2017 மார்ச்சில் ராஜாளியில் அதற்கு விடை கொடுத்தார்கள். இப்போது அங்கிருந்து பறப்பது இரண்டு என்ஜின் பி-8ஐ. மலைமேல் நின்றால் சில நாள் கண்ணில் படும்.

ரிச்சர்ட் ஃபெய்ன்மனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1986இல் சேலஞ்சர் வெடித்த பிறகு அவர் எழுதிய பின்னிணைப்பில், ஷட்டிலின் முக்கிய என்ஜினைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அது பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், நிர்வாகம் சொன்னது லட்சத்தில் ஒன்று. தயாரித்த கம்பெனியின் எஞ்சினியர்கள் 10,000இல் ஒன்று. நாசாவின் மார்ஷல் மைய எஞ்சினியர்கள் 300இல் ஒன்று. வெளியிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் நூற்றில் ஒன்றோ இரண்டோ. ஒரே என்ஜின், ஒரே டேட்டா. கடைசியில் ஷட்டில் பறந்தது 135 தடவை, போனது இரண்டு வண்டி. இரண்டுமே அந்த என்ஜினால் போனவை இல்லை. லட்சத்தில் ஒன்று என்பது எந்தச் சோதனையிலிருந்தும் வந்திருக்க முடியாது என்பதை நம்ம படிக்கட்டு விதி ஒரே வரியில் காட்டிவிடும்: மூன்று லட்சம் தடவை யார் ஓட்டினார்கள்? புள்ளியியலை நான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்விக்காகத்தான். நல்ல என்ஜின் எது என்று அது சொல்லாவிட்டாலும், யார் இல்லாத நம்பிக்கையைக் காட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறது.

அப்படியானால் தெரியாததோடு எப்படிப் பறப்பது? காவேரியையே பறக்கவிட்டார்கள். 2010 நவம்பரில், மாஸ்கோ அருகே குரோமோவ் நிலையத்தில், ஐ.எல்-76 சரக்கு விமானத்தின் நாலு என்ஜினில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காவேரியை மாட்டினார்கள். அது நின்றாலும் மூன்று இருக்கிறது. நம்ம தமிழ்நாட்டு மகேந்திரகிரியிலும் இதே மனசுதான். ககன்யானுக்காக இஸ்ரோ சி.இ.-20 கிரையோஜெனிக் என்ஜினை மனிதப் பயணத்துக்குத் தகுதியாக்கிய வேலை 2024 பிப்ரவரியில் முடிந்தது. 4 என்ஜின், 39 சோதனை, மொத்தம் 8,810 விநாடி, தேவைப்பட்டது 6,350. அத்தனையும் குறையில்லாமல் போனதாக வைத்து மூன்றின் விதியைப் போட்டால் 13இல் ஒன்று. அந்த எண்ணை மட்டும் நம்பி யாரும் மனுஷனை ஏற்ற மாட்டார்கள். பாகம் பாகமான புரிதல் ஒரு பக்கம்; என்ஜின் கைவிட்டாலும் ஆளைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவரும் ஏற்பாடு இன்னொரு பக்கம். போர்விமானத்தில் அதற்குப் பெயர் இஜெக்‌ஷன் சீட்.

போன ஞாயிறு அண்ணா ஒரு கேள்வியோடு வந்தார். "அந்த 3,217ல, கடைசியா மாத்தின டிசைன் எத்தனை மணி நேரம் ஓடிச்சு? நடுவுல பிளேடு மாத்தியிருப்பான், கன்ட்ரோல் மாத்தியிருப்பான். எல்லாத்தையும் ஒரே என்ஜின்னு கூட்டினா எப்படி?" இண்டிகோ சீல் கதையை நான் சொன்னது அவருக்குள் வேலை செய்திருக்கிறது. இது அசல் புள்ளியியல்காரன் கேட்கிற கேள்வி என்று சொன்னேன். 1960களிலேயே ஜி.இ.யில் ஜேம்ஸ் டுவேன் என்பவர் இதைப் பிடித்துவிட்டார்: பழுதைக் கண்டுபிடித்துத் திருத்தித் திருத்தி ஓட்டும்போது, பழுது விகிதம் ஓட்ட நேரத்தோடு ஒரு ஒழுங்கில் இறங்குகிறது, லாக் தாளில் வரைந்தால் நேர்கோடு. அந்தக் கோடு சரிந்துகொண்டே போனால் திட்டம் கற்றுக்கொண்டிருக்கிறது. படுத்துவிட்டால், எவ்வளவு மணி நேரம் சேர்த்தாலும் வீண். மொத்த மணி நேரத்தைவிட அந்தச் சரிவைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் லாக் புக்குல பாத்தாதான் தெரியும்," என்றார். பிறகு எழுந்து, இருபது வருஷமாக ஓட்டும் தன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ஐக் காட்டி, "இதுக்கு உன் பீட்டா எவ்வளவு?" என்று கேட்டார். நான் கணக்குப் போடவில்லை. பின்னால் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் இறங்கிக்கொண்டேன்.